ஓடைப்பட்டியின் ஞாபகசக்தி

ஓடைப்பட்டி வேல்பாண்டியின் மகள் மாரீஸ்வரி மூளையைப் பற்றிப் படிக்கிறாள் என்ற செய்தியை ஊர் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டது. பெண் மூளை டாக்டராகப் போகிறாள் என்பது ஒரு கட்சி. பெண்ணுக்கே மூளையில் ஏதோ கோளாறு, வெளியூரில் வைத்து வைத்தியம் பார்க்கிறார்கள், மானத்துக்குப் பயந்து வேல்பாண்டி அதைப் படிப்பு என்கிறார் என்பது இன்னொரு கட்சி. முப்பதை நெருங்கியும் கல்யாணப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுகிற பெண் என்பதால் இரண்டாவது கட்சிக்கே ஆதாரம் வலுவாக இருந்தது.

வேல்பாண்டிக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். மகள் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதி, அது அவளை வேண்டாம் என்று சொன்னபோது அவர் கொஞ்ச நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு தேனியில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் சேர்த்துவிட்டார். மேலே மேலே படித்து ஆராய்ச்சியும் முடித்தால் பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம் என்று சின்னமனூர் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் யார், எந்த ஊர் என்று வேல்பாண்டிக்கு இன்றுவரை தெரியாது. மாரீஸ்வரியின் வாழ்க்கையைத் தீர்மானித்தவர் அவர்தான்.

அப்படித்தான் அவள் கடலோரத்து ஊர் ஒன்றின் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். நரம்பியல் ஆராய்ச்சித் துறை நான்காவது மாடியில் இருந்தது. கீழே வாசலில் உயர் ஆய்வு மையம் என்று பித்தளையில் எழுதியிருந்தார்கள். லிஃப்டில் பழுது என்று அட்டையில் எழுதியிருந்தார்கள். இரண்டில் அட்டைதான் பழையது.

முதுகலை முடித்து, அங்கேயே பேராசிரியர் ஏசுதாசனிடம் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தாள். ஏசுதாசன் கெட்டவர் அல்ல. ஊரில் இருக்கும் நாட்கள் குறைவு, அவ்வளவுதான். கருத்தரங்குகளுக்குப் போவார், வருவார், வரும்போது மாணவர்களுக்கு விமான நிலையத்துச் சாக்லேட் வாங்கி வருவார். மாரீஸ்வரியின் முதல் ஐந்து வருடங்கள் எலிகளோடு போயின. எலிக்குப் பூச்சிமருந்தை மிகச் சிறிய அளவில் கொடுப்பது, தண்ணீர்த் தொட்டியில் நீந்தவிடுவது, தண்ணீருக்கடியில் இருக்கும் மேடையை நேற்றுக் கண்டுபிடித்தது இன்று ஞாபகம் இருக்கிறதா என்று பார்ப்பது. இதை அம்மா பவானியிடம் போனில் விளக்கினாள். எலிக்கு மருந்து வைக்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா, வீட்டிலேயே பரணில் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறதே என்று மட்டும் பவானி கேட்டாள்.

ஆறாம் வருடக் கோடையில் விலங்குக் கூடத்தின் ஏசி நின்றது. அதைப் பழுது பார்க்க எழுதிய கோப்பு நிர்வாகக் கட்டிடத்தின் மூன்று மாடிகளையும் ஒவ்வொன்றாக ஏறி முடிப்பதற்குள் எலிகள் ஒன்றுவிடாமல் செத்துப்போயின. ஏசுதாசன் மிகவும் வருத்தப்பட்டார். பிறகு அவருக்கு ஒரு யோசனை தோன்றியது.

எலிகளை விட்டுவிட்டு மனிதர்களை வைத்துச் செய்யலாமே என்றார். மனிதர்களுக்கு ஏசி தேவையில்லை. அதோடு மாரீஸ்வரி வருவதே திராட்சை விளைகிற ஊரிலிருந்து. தலைக்கு மேலே பந்தல், அண்ணாந்து மருந்தடித்தால் பாதி கொடியில், பாதி அடிப்பவன் முகத்தில். இப்படிப்பட்ட ஊர் ஒரு ஆராய்ச்சி மாணவிக்கு வாய்ப்பது பாக்கியம் என்று அவர் சொன்னபோது, அந்தப் பந்தலுக்குக் கீழே விளையாடி வளர்ந்த மாரீஸ்வரி தலையை ஆட்டினாள்.

பாக்கியமோ இல்லையோ, அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. பதிவுக்காலம் முடிந்து ஒருமுறை நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. இந்த வருடத்துக்குள் ஆய்வேடு கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. பேருக்கு முன்னால் போட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல், செத்த எலிகளின் நினைவோடு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

நெறிமுறைக் குழு கூடியது. கலந்துகொள்பவர்களின் ஒப்புதல் படிவத்தில் விஷம் என்ற சொல் அவர்களைப் பயமுறுத்தும் என்று ஒரு உறுப்பினர் கவலைப்பட்டார். ஆகவே அது 'பயிர்ப் பாதுகாப்புப் பொருள்' ஆயிற்று. அந்த மாற்றம் வருவதற்குள் ஊரில் ஒரு பருவம் திராட்சைக் கொடி வெட்டிக் கவாத்து முடிந்து, பூத்து, காய்த்து, அறுவடையும் ஆகிவிட்டது. சங்கடம் என்னவென்றால் ஓடைப்பட்டியில் அந்தப் பொருளை யாரும் விஷம் என்றும் சொல்வதில்லை. மருந்து என்றுதான் சொல்வார்கள்.

சோதனை எளிமையானது. பதினைந்து சொற்களை மாரீஸ்வரி வாசிப்பாள். குதிரை, சாவி, தேன், கூரை, மீன் என்று ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சொற்கள். வாசித்து முடித்ததும் ஞாபகம் இருப்பதை எதிரில் இருப்பவர் சொல்ல வேண்டும். இப்படி ஐந்து தடவை. அரை மணி நேரம் வேறு ஏதாவது செய்துவிட்டு, வாசிக்காமலே மறுபடி கேட்பாள். பல வருடம் மருந்தடித்தவர்கள் எத்தனை சொல்கிறார்கள், அதே வயதில், அதே அளவு பள்ளிக்கூடம் போய், மருந்து பக்கமே போகாதவர்கள் எத்தனை சொல்கிறார்கள் என்று ஒப்பிடுவது. மருந்தடிக்காதவர்களுக்குக் கேரள எல்லையை ஒட்டிய லோயர் கேம்ப்பைத் தேர்ந்தெடுத்தாள். அங்கே மின்நிலையத்து வாட்ச்மேன்கள், கால்வாயில் மதகு பார்ப்பவர்கள் இருந்தார்கள்.

ஓடைப்பட்டியில் சோதனைக்கூடம் வேல்பாண்டியின் தகரக் கொட்டகைதான், திராட்சை தரம்பிரித்துக் கட்டும் இடம். முதலில் வந்தவர் ஒச்சாண்டி. ஊரில் மருந்தடிக்கும் ஆட்களைச் சேர்த்துக் கூட்டிப் போகிறவர், மீசை நரைக்கத் தொடங்கியவர், மாரீஸ்வரிக்குச் சித்தப்பா முறை. வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு என்று நிச்சயதார்த்தத்துக்கு வருவது போல வந்தார். அன்று மாரீஸ்வரிக்கு ஜலதோஷம். பத்தாவது சொல்லுக்கும் பதினொன்றாவது சொல்லுக்கும் நடுவில் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். ஒச்சாண்டி ஐந்து தடவையும் கேட்டுவிட்டு, கடைசியில் ஆறு சொற்கள் சொன்னார். ஏழாவதாக அவர் சொன்னது பட்டியலில் இல்லை.

அன்று நடந்தது ஒத்திகை, கணக்கில் சேராது என்று அவள் சொன்னாள். ஒச்சாண்டி அதைக் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை. வியர்த்துப்போய் எழுந்து, வேல்பாண்டியின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

அடுத்த வாரம் உண்மையான சோதனை தொடங்கியது. மருந்தடிப்பவர்கள் வரிசையாக வந்தார்கள், எல்லோரும் இஸ்திரிச் சட்டையில். முதல் ஆள் முதல் வாசிப்பிலேயே பதினைந்தும் சொன்னார். அடுத்தவர் பதினைந்து. அதற்கடுத்தவர், இரண்டாம் வகுப்போடு நின்றவர், பதினைந்து. திரும்ப வந்த ஒச்சாண்டி பதினைந்து. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, பட்டியலில் இருந்த அதே வரிசையில், ஒரே ராகத்தில் சொன்னார்கள். பத்தாவது சொல் முடிந்ததும் ஒவ்வொருவரும் லேசாக ஒருமுறை இருமினார்கள். மாரீஸ்வரி இதையும் கவனிக்கத் தவறவில்லை. பயிர்ப் பாதுகாப்புப் பொருளால் சுவாசக் குழாயில் எரிச்சல் இருக்கலாம் என்று எழுதிவைத்துக்கொண்டாள்.

லோயர் கேம்ப்பில் கதை வேறு. அங்கே வாட்ச்மேன்கள் எட்டு, ஒன்பது சொல்வதற்குள் நெளிந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பெண் எடுத்திருந்த ஒருவர் நான்காவது வாசிப்பிலேயே, "மதி மோளே, போதும், டூட்டிக்கு நேரமாச்சு" என்று எழுந்துகொண்டார். யாரும் இருமவில்லை.

இரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைபடம் போட்டுப் பார்த்தபோது மாரீஸ்வரிக்குத் தலை சுற்றியது. ஏசுதாசனுக்குச் சுற்றவில்லை. இத்தனை வருடங்களில் அவர் தானாக அவளுக்குப் போன் செய்தது அன்றுதான். எதிர்பாராத முடிவுதான் ஆராய்ச்சி என்றார். சிறு அளவில் உள்ளே போகும் நஞ்சு நரம்பணுக்களைத் தூண்டிவிடக்கூடும் என்று ஒரு கொள்கை இருப்பதாகவும், அதற்கு மனிதர்களிடம் இவ்வளவு தெளிவான சான்று இதுவரை கிடைத்ததில்லை என்றும் சொன்னார். கிடைக்காமல் போனதற்குக் காரணம் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அன்று மாலைக்குள் சிங்கப்பூரில் நடக்கவிருந்த ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் போய்விட்டது. மறுநாள் விமான டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது, அவருக்கு.

மாரீஸ்வரிக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் ஆய்வேடு கொடுக்கத் தரவு வந்துவிட்டது, வழிகாட்டி கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார், அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். உறுத்தலைக் கொஞ்ச நாள் ஒத்திப்போட்டாள். படித்தவர்களுக்கு இது கைவந்த கலை.

அவள் ஒத்திப்போட்டாலும் உரக்கடை சுரேஷ்கண்ணன் ஒத்திப்போடவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு மருந்து கொடுப்பவன் அவன். வேல்பாண்டி பெருமையில் சொன்னதை வைத்து, கடைக்கு வருகிறவர்களிடம் ஆராய்ச்சியே முடிவாகச் சொல்லிவிட்டது, மருந்தடிக்கிறவனுக்கு மூளை கூர்மையாம் என்று சொல்ல ஆரம்பித்திருந்தான். வேப்பங்கொட்டை விற்கும் இயற்கை விவசாயக்காரர்களைப் பார்த்துச் சிரித்தான். போன வருடம் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த முகமூடிகள் அவன் கடையிலேயே ஒரு மூலையில் மூட்டையாகக் கிடந்தன. அவற்றை இனி யாரும் கேட்கப் போவதில்லை என்று மூட்டையின் மேல் தராசை எடுத்து வைத்துக்கொண்டான்.

இது மாரீஸ்வரிக்குத் தெரியவந்தது பால் வாங்கப் போன இடத்தில். பக்கத்துத் தெரு கிருபாவதி அவளை ஓரமாகக் கூப்பிட்டாள். கிருபாவதியின் மகன் பத்தாம் வகுப்பு, கணக்குப் பாடம் தலையில் ஏறுவதில்லை.

"மாரி, ஒன்னு கேக்கணும்டி. அவங்க அப்பா மருந்தடிக்கிற அன்னிக்கு இவனயும் தோட்டத்துக்கு அனுப்பவா? சும்மா பந்தலுக்குக் கீழ நின்னா போதும்ல?"

மாரீஸ்வரி பால் தூக்கை அங்கேயே வைத்துவிட்டு, கூடாது, கூடவே கூடாது என்று சொன்னாள். கிருபாவதி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இவள் மட்டும் படிக்கலாம், அடுத்த வீட்டுப் பிள்ளை படிக்கக் கூடாதா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

மாரீஸ்வரி வீட்டுக்குப் போகாமல் நேரே ஒச்சாண்டியைத் தேடிப் போனாள். இந்தப் பேச்சை நிறுத்த ஊரில் அவரால்தான் முடியும் என்று நினைத்தாள். தேவாரம் சாலையை ஒட்டிய ஒரு தோட்டத்தில் மருந்தடிப்பு நடந்துகொண்டிருந்தது. பவர் ஸ்பிரேயர் உறுமிக்கொண்டிருந்தது. பந்தலுக்குள் ஆட்கள் வரிசை வரிசையாக அண்ணாந்து அடித்தபடி நகர்ந்தார்கள். யார் முகத்திலும் துணிகூட இல்லை. இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்ற நிறுத்தினார்கள். அந்த அமைதியில் ஒச்சாண்டியின் குரல் கேட்டது.

"குதிரை, சாவி," என்றார் அவர்.

"குதிரை, சாவி," என்றது பந்தல்.

"தேனு, கூரை."

"தேனு, கூரை."

பத்தாவது சொல் வந்தது. ஒச்சாண்டி செருமினார். பந்தல் முழுக்கச் செருமியது. அது அவளுடைய செருமல். ஜலதோஷம் பிடித்த அன்றைக்கு அவள் செருமிய அதே அளவு, அதே சுருதி.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. ஒத்திகையன்று வேல்பாண்டி கொட்டகைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். மகள் உள்ளே டீச்சர் மாதிரி நிறுத்தி நிதானமாக வாசிப்பதைக் கேட்டதும் அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. போனில் பதிவு செய்து, தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், 'என் மகளின் ஆராய்ச்சி' என்று போட்டுவிட்டார். மனசு நிறைந்த தகப்பன் செய்கிற காரியம்தான். அதை அன்றிரவே நூறு முறை கேட்டவர் ஒச்சாண்டி.

"ஏன் சித்தப்பா இப்படிச் செஞ்சீங்க?"

ஒச்சாண்டிக்குக் கேள்வியே புரியவில்லை. கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார்.

"என்னத்தா இப்படிக் கேக்குற. என் மக காதுகுத்துக்கு ஒங்கப்பன் கெடாயோட வந்தாக. எங்கூட மருந்தடிக்கிற பலவேசம் வீட்டுச் சடங்குக்கு சீர்த்தட்டு எடுத்துக்கிட்டு மொத ஆளா வந்து நின்னாக. ஒங்க வீட்டுல அதுக்கப்புறம் ஒரு விசேசம் உண்டா? நீயும் கல்யாணம் பண்ணிக்கிற மாதிரி தெரியல. நாங்க திருப்பிச் செய்யிறது எப்ப?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"இதுதானே ஒனக்கு விசேசம். நான் மொத நாளு ஆறோட எந்திரிச்சு வந்துட்டேன். ஊருல அம்புட்டுப் பேரும் செய்யிற எடத்துல நான் கொறை வச்சா நல்லாவா இருக்கும்? அதான் ஒருத்தனும் கொறை வைக்கக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தேன். ஏன், பதினஞ்சும் சரியாத்தானே சொன்னாங்க?"

அவள் ஊரில் செய்முறை என்றால் விளையாட்டல்ல. வாங்கினதைத் திருப்பிச் செய்யாதவன் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. பதினைந்து சொற்களை மருந்துக் குழாயோடு சேர்த்துச் சுமந்து திரிந்து மனப்பாடம் செய்த இந்த மனிதர்களிடம், நீங்கள் என் ஆறு வருடத்தைக் குட்டிச்சுவராக்கிவிட்டீர்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தயங்கித் தயங்கி அப்பாவிடம் மட்டும் விளக்கினாள். மருந்தடிப்பவர்களுக்கு ஞாபகம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. எல்லோரும் முழுசாகச் சொல்லிவிட்டால் ஆராய்ச்சியே இல்லை.

வேல்பாண்டி மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். தப்பு தன்னுடையது, தானே சரிசெய்துவிடுவதாகச் சொன்னார்.

மறுவாரம் வேறு பதினைந்து சொற்களோடு அவள் கொட்டகையில் உட்கார்ந்தாள். முதலில் வந்த பலவேசம் ஐந்து தடவையும் கேட்டுவிட்டு ஒரு சொல்கூட ஞாபகமில்லை என்றார். அடுத்தவர் இப்போது என்ன கேட்டீர்கள் என்றார். அவருக்கும் அடுத்தவர் ஒருபடி மேலே போய், தன் பொண்டாட்டி பேரே இரண்டு நாளாக நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது என்றார். பொண்டாட்டி வெளியே நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்கு வா, ஞாபகப்படுத்துகிறேன் என்று தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. மோசமாகச் சொன்னால்தான் பிள்ளை பாஸாகுமாம் என்று வேல்பாண்டி வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார்.

மாரீஸ்வரிக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இவர்களிடம் அவள் எதைக் கேட்டாலும் கொடுப்பார்கள். ஞாபகம் வேண்டுமென்றால் ஞாபகம், மறதி வேண்டுமென்றால் மறதி. உண்மையை மட்டும் கேட்டு வாங்க முடியாது, ஏனென்றால் அது யாருக்கும் செய்முறையாகாது.

ஏசுதாசனுக்குப் போன் செய்தாள். முதல் தரவு மனப்பாடம், இரண்டாவது தரவு நடிப்பு, இரண்டும் ஆகாது என்றாள். அவர், மனப்பாடம் என்பது அவளுக்கும் ஊருக்கும் மட்டும்தானே தெரியும் என்று மிகவும் பொறுமையாகக் கேட்டார்.

"ஊருக்குத் தெரியும் சார்," என்றாள் அவள். "ஆனாலும் மருந்தடிச்சா மூளை கூர்மையாகும்னு நம்பி, இனி யாரும் மாஸ்க் கேக்கப் போறதில்ல."

டிக்கெட் பணம் திரும்ப வராது என்று அவர் நினைவூட்டினார். கருத்தரங்குச் சுருக்கத்தில் அவள் பேரும் இருந்ததால், அதை விலக்கிக்கொள்வதாக அவளே கடிதம் எழுதி அனுப்பிவிட்டாள். அதன் பிறகு ஏசுதாசன் அவளோடு மின்னஞ்சலில் மட்டுமே பேசினார். விமான நிலையத்துச் சாக்லேட்டும் நின்றுபோயிற்று. பதிவுக்காலம் முடிய இன்னும் ஒரு பருவம்கூட மிச்சமில்லை. பவானி இதையெல்லாம் கேட்டுவிட்டு, பேசாமல் பிள்ளை எலியையே வைத்திருக்கலாம், எலி யாருக்கும் நல்லது செய்ய நினைக்காது என்றாள். ஆறு வருடத்தில் அவளுடைய ஆராய்ச்சி குறித்து யாரும் சொன்ன கருத்துக்களில் இதுதான் சரியானது.

மாரீஸ்வரி யோசித்தாள். பதினைந்து சொல்ல வேண்டும் என்ற வெறி இவர்களுக்கு இருக்கிறது. அதை எடுக்க முடியாது. எடுக்க வேண்டாம். எத்தனை சொல்கிறார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, பதினைந்தும் சொல்ல எத்தனை தடவை கேட்க வேண்டியிருக்கிறது என்று எண்ணலாம். எல்லோரும் உயிரைக் கொடுத்து முயற்சி செய்வார்கள், யாரும் நடிக்க மாட்டார்கள். ஆளுக்கொரு புதுப் பட்டியல், அதனால் சொல்லிக்கொடுக்க முடியாது. போன்களெல்லாம் வாசலிலேயே திராட்சைப் பெட்டிக்குள். எவ்வளவு முயன்றும் முடியாதவர்களை இருபதாவது வாசிப்பில் நிறுத்திவிட வேண்டும் என்று நெறிமுறைக் குழு ஒரு நிபந்தனை போட்டது, களைப்படைவார்களாம். காலையிலிருந்து சாயங்காலம்வரை பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நிற்பவர்கள் உட்கார்ந்த இடத்தில் களைத்துவிடக் கூடாது என்பதில் குழு உறுதியாக இருந்தது. ஏசுதாசன் மின்னஞ்சலிலேயே ஒப்புதல் கொடுத்தார். தன் நீண்டநாள் எண்ணமும் இதுவே என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

லோயர் கேம்ப் ஆட்கள் ஐந்தாறு வாசிப்பில் முடித்துக்கொண்டு டூட்டிக்குப் போனார்கள். ஓடைப்பட்டியில் மாரீஸ்வரி இம்முறை எல்லோரிடமும் வெளிப்படையாகவே சொன்னாள். எத்தனை தடவை வாசிக்கிறேன் என்பதைத்தான் எழுதுவேன், கூடினாலும் குறைந்தாலும் எனக்கு நஷ்டமில்லை. இதை யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் பதினைந்தும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கலாம் என்றதும் எல்லோர் முகமும் தெளிந்தது. கொறை வைக்காமல் செய்யலாம்.

பலவேசத்துக்குப் பன்னிரண்டு வாசிப்பு ஆனது. பொண்டாட்டி பேரை மறந்தவருக்குப் பதினான்கு. கடைசிச் சொல்லைச் சொன்னதும் ஒவ்வொருவரும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள், வெளியே வேல்பாண்டியிடம் போய்த் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். மாரீஸ்வரி கணினியில் எண்களை ஏற்றிக்கொண்டே வந்தாள். வரைபடம் அவளுக்கு இப்போதே கண்ணில் தெரிந்தது. மருந்தடித்த வருடங்கள் கூடக்கூட வாசிப்பும் கூடிக்கொண்டே போனது. ஆய்வேடு நிச்சயம். இப்படி ஒரு தெளிவான கோட்டைப் பார்த்து ஒரு ஆராய்ச்சி மாணவி சந்தோஷப்பட வேண்டும், அவளும் பட்டாள், பட்ட கையோடு வாசலில் அடுத்து யார் நிற்கிறார்கள் என்று பார்க்கப் பயப்பட்டாள்.

ஒச்சாண்டி கடைசியாக வந்தார், அதே இஸ்திரிச் சட்டை. ஊரிலேயே அதிக வருடம் மருந்தடித்தவர் அவர்தான். ஐந்தாவது வாசிப்பில் ஆறு சொன்னார். பத்தாவதில் எட்டு. கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலை மடக்கி மடக்கி எண்ணினார். மடக்கும்போது விரல் லேசாக நடுங்கியது. பதினைந்தாவதில் பத்து சொல்லிவிட்டுச் சிரித்தார், வந்துக்கிட்டிருக்கு என்றார். இருபதாவதில் பதினொன்று.

"போதும் சித்தப்பா. முடிஞ்சிருச்சு."

"பதினொன்னுலயா எந்திரிக்கச் சொல்ற?"

"எனக்கு வேண்டியது கெடச்சிருச்சு. நெசமாத்தான் சொல்றேன். இதுக்கு மேல வாசிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்காக."

"ஒனக்குக் கெடச்சிருச்சு." ஒச்சாண்டி நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார். "பலவேசம் முழுசாச் செஞ்சிட்டு வெளிய ஒக்காந்திருக்கான். நான் என்னத்தச் சொல்லிக்கிட்டுப் போவேன்? வாசி ஆத்தா."

அவர் சொன்ன பதினொன்றுதான் அந்த ஆய்வேட்டிலேயே மிக நல்ல எண். முடிக்க முடியாதவர் என்று குறிக்கத் தனியாக ஒரு கட்டம் இருந்தது, அதில் முதல் ஆள் அவர். மாரீஸ்வரி அதைக் கணினியில் ஏற்றிச் சேமித்தாள். பிறகு கணினியை மூடி, முதல் சொல்லிலிருந்து மறுபடி வாசித்தாள். ஒச்சாண்டி கண்ணை மூடிக் கேட்டார்.

இந்தத் தடவை ஒன்பது வந்தது.